நான்காவது கார்டு

வேலூர் சத்துவாச்சாரியில் ஜெயசீலன் நடத்திவந்த கடைக்கு முன்பெல்லாம் ஒரே வகையான வாடிக்கையாளர்கள்தான் வருவார்கள். திரைக்குள் சுடவும் ஓட்டவும் பறக்கவும் விரும்பும் இளைஞர்கள். தங்களுக்கென்றே தனியாக ஒரு கணினியைக் கட்டித் தரச் சொல்வார்கள். உள்ளே வண்ண விளக்குகள் எரிய வேண்டும், விசிறிகள் சுழல்வது கண்ணாடி வழியே தெரிய வேண்டும் என்பார்கள். பேச்சு மென்பொருள் வந்த பிறகு இன்னொரு வகையினரும் வரத் தொடங்கினார்கள். அவர்கள் விளக்குகளைப் பற்றிக் கேட்பதில்லை. நாற்காலியின் நுனியில் அமர்ந்து, "இதுல அவரு பேசுவாராங்க?" என்று மட்டும் கேட்பார்கள்.

அந்த மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. பக்கவாதத்தால் உடல் முழுவதும் அசைவற்றுப்போய், நினைவு மட்டும் தங்கிவிட்டவர்களின் தலையில் ஒரு பட்டையைக் கட்டினால், மூளையின் மின்னலைகளைப் படித்து, அவர்கள் சொல்ல நினைப்பதை எழுத்தாகவும் அவர்களுடைய பழைய குரலிலேயே ஒலியாகவும் அது மாற்றித் தரும். மென்பொருள் இலவசம். ஆனால் அது ஓடுவதற்கு, விளையாட்டுக் கணினிகளில் படங்களை இயக்கும் வலுவான கிராஃபிக்ஸ் கார்டுகள் வேண்டும். அதுவும் ஒன்று போதாது. மருத்துவமனைகள் இதற்கென்று விற்ற இயந்திரமோ சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எனவே அவர்கள் விளையாட்டுக் கணினி கட்டுகிறவர்களைத் தேடி வந்தார்கள்.

பூங்கோதையும் அப்படித்தான் வந்தார். அவர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவர் திருவேங்கடம் பெங்களூர்த் தடத்தில் பேருந்து ஓட்டியவர். பணி முடிந்து வீடு திரும்பிய பிறகும், கணினியில் பேருந்து ஓட்டும் விளையாட்டைத்தான் விளையாடிக்கொண்டிருப்பாராம்.

"நாள் பூரா நிஜ பஸ்ஸ ஓட்டிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டோட பொய் பஸ்ஸுல ஏறி உக்காந்துக்குவாரு தம்பி. கேட்டா, 'இதுலதான் எவனும் குறுக்க வர மாட்டான் டீச்சர்'னு சொல்வாரு."

"கட்டின வீட்டம்மாவ டீச்சர்னா கூப்பிடுவாரு?" என்று ஜெயசீலன் சிரித்தார்.

"நாலு பேரு முன்னாடி அப்படித்தான்" என்ற பூங்கோதை, கைப்பையின் ஜிப்பை ஒருமுறை திறந்து மூடினார். "போன தீபாவளிக்கு முன்னாடி விழுந்தாரு. இப்ப கண் இமைகூட அவரு பேச்சக் கேக்கறதில்ல. எத்தன கார்டு போடணும், சொல்லுங்க."

"நாலு போட்டா நல்லதுக்கா. கம்மியா போட்டாலும் பேசும். ஆனா அலைய முழுசாப் படிக்க அதுக்கு நேரம் பத்தாது. பத்தாத எடத்துல தானாவே ஊகிச்சு நிரப்பும். போன்ல ஒரு வார்த்த அடிச்சா அடுத்த வார்த்தைய அதுவே எடுத்துக் குடுக்குதில்ல, அந்த மாதிரி. அவரோட பழைய மெசேஜ், வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இதுக்குள்ள ஏத்துவோம். நாம பேசறத மைக்குல கேட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி அதுலேருந்து எடுத்துப் போடும்."

"அப்ப நாலே போடுங்க. எனக்கு அவரு பேசணும். அவரோட போன் பேசக் கூடாது."

ஜெயசீலன் மேசை மீது வெவ்வேறு கார்டுகளை எடுத்து வைத்தார். இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் கொட்டாவியை அடக்கத் தொடங்கும். பூங்கோதை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாலு போட்டா சூடுதான்க்கா தலைவலி. ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டி உக்காரும். கீழ இருக்குறது விடுற மூச்சத்தான் மேல இருக்குறது இழுக்கும். மேல போகப் போகக் கொதிக்கும். ரொம்பச் சூடு ஏறினா கார்டு தன் வேகத்தக் கொறைச்சுக்கும். கொறைச்சா..."

"ஊகிக்க ஆரம்பிச்சிடும்."

"அதேதான். இந்தா, மூணு விசிறி வெச்ச கார்டு. பாக்க அழகா இருக்கும், சூட்டப் பெட்டிக்குள்ளயே கொட்டும். ஒண்ணு மட்டும் போடுறவங்களுக்குச் சரி. இது இன்னொரு வகை, பின்பக்கமா வெளிய ஊதித் தள்ளிடும். நாலு பேரும் சேந்து ஊதினா வீட்டுக்குள்ள லாரி நிக்கிற மாதிரி இருக்கும்."

"கட்டிலுக்குப் பக்கத்துல வைக்கணும் தம்பி."

"அப்ப தண்ணிதான். ஒவ்வொரு கார்டு மேலயும் ஒரு செம்புத் தகடு உக்காரும். உள்ள தண்ணி ஓடும். ஜன்னலாண்ட ரேடியேட்டர். பஸ்ஸுல இருக்குமே, அதேதான்."

"கேட்டா சந்தோஷப்படுவாரு. சரி, ரேடியேட்டர் வரைக்கும் வந்த சூடு எங்க போகும்?"

"பாதி ஜன்னலுக்கு வெளிய போகும். மீதி ரூமுக்குள்ளதான். சூடு அழியாதுக்கா, எடம்தான் மாறும்."

"எட்டாங்கிளாஸ் பாடம்" என்றார் பூங்கோதை.

இன்னொரு சிக்கலையும் ஜெயசீலன் மறைக்காமல் சொன்னார். அந்தக் காலத்துக் கோடைகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் மின்சார வரம்பு விதித்திருந்தார்கள். வரம்பைத் தாண்டினால் மீட்டர் தானாகவே வீட்டை இருட்டாக்கிவிடும். நான்கு கார்டுகளும் ஏ.சி.யும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும்.

"அத நாம ஏன் முடிவு பண்ணணும்?" என்றார் பூங்கோதை. "அவருதான் பேசப்போறாரே. அவர்கிட்டயே கேட்டுக்கலாம்."

ஜெயசீலனின் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுச் செம்புத் தகடுகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டு வரும். பொருத்துவதற்கு முன் அதை உரிக்கும் உரிமை கடைக்காரருடையது அல்ல, வாங்குகிறவருடையது. இளைஞர்கள் அதைத் திறப்பு விழாபோல் கொண்டாடுவார்கள். உரித்த தாளில் அவர்கள் பெயரை எழுதி ஜெயசீலன் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டிவைப்பார். கதவில் இப்போது வெளிச்சம் புக இடமில்லை.

கணினியைப் பூங்கோதையின் வீட்டிலேயே வைத்துக் கட்டினார்கள். முதல் தாளை மகள் நிறைமதி உரித்தாள். கோயம்புத்தூரில் செவிலியர் படிப்புப் படிக்கிறவள், இதற்காகவே விடுப்பில் வந்திருந்தாள். இரண்டாவதைப் பூங்கோதை. மூன்றாவதை ஜெயசீலனே உரிக்கும்படி இருவரும் வற்புறுத்தினார்கள். நான்காவது, எல்லாவற்றுக்கும் மேலே அமரவேண்டிய கார்டினுடையது.

"இது அப்பாவுக்குண்ணா" என்றாள் நிறைமதி.

கட்டிலுக்கு அருகே தகட்டைக் கொண்டுபோனார்கள். பளபளப்பான மேல்முகத்தில் ஒட்டியிருந்த தாளின் நுனியைத் திருவேங்கடத்தின் இரண்டு விரல்களுக்கிடையே வைத்து, அந்த விரல்களைப் பூங்கோதை தன் கையால் பொத்திக்கொண்டார். மகள் தகட்டை மெல்லப் பின்னால் இழுத்தாள். தாள் சரசரவென்று உரிந்து, அசையாத அந்த விரல்களில் கொடிபோல் தொங்கியது. நிறைமதி கைதட்டினாள். பூங்கோதை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெயசீலனுக்கும் பார்வை கலங்கியிருந்தது. அதே நெகிழ்ச்சியோடு தகட்டை வாங்கி, கார்டின் மேல் வைத்து, திருகாணிகளை முடுக்கினார்.

சாயங்காலம் பட்டையைக் கட்டி இயக்கினார்கள். ஊகித்த சொற்களைச் சாம்பல் நிறத்தில் பிரித்துக்காட்டும் வசதி ஒன்று அந்த மென்பொருளில் உண்டு. அது கண்ணை உறுத்துகிறது என்று எல்லாக் குடும்பங்களும் சொல்வதால், கேட்பதற்கு முன்பே அதை அணைத்துவிடுவது ஜெயசீலனின் பழக்கம். அன்றும் அணைத்தார்.

திரையில் எழுத்து ஓடியது. கூடவே கரகரப்பான, சற்றே மூக்கால் பேசும் ஒரு குரல்.

"டீச்சர்! ரைட் ரைட். வண்டி கெளம்பிடுச்சு."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கொஞ்சம் தெளிந்த பிறகு, சொல்லியிருந்தபடியே பூங்கோதை கேட்டார்: "என்னங்க, உங்களுக்கு ஏ.சி. வேணுமா? அத போட்டா இத போட முடியாதாம்."

"ஏ.சி. எதுக்கு டீச்சர்? இன்ஜின் பக்கத்துலயே காலத்த ஓட்டினவன் நான். ஃபேன் போதும்."

"பாத்தீங்களா தம்பி! இந்தப் பாட்டக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு" என்று பூங்கோதை கண்ணீரோடு சிரித்தார். ஏ.சி.யின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடினார்கள்.

கத்திரி வெயில் தொடங்கியபோது பூங்கோதையிடமிருந்து அழைப்பு வந்தது. நண்பகலில் கணினி தானாகவே அணைந்துவிடுகிறதாம். ஜெயசீலன் போனபோது அறைக்குள் நுழையவே முடியவில்லை. அடுப்பங்கரையில் முகத்தை நீட்டியதுபோல் இருந்தது. ரேடியேட்டர் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. ஃபேன் அந்த அனலையே சுற்றிச் சுற்றி அனுப்பியது. திருவேங்கடத்தின் மார்பில் ஈரத் துண்டு கிடந்தது. ஆனால் தோல் உலர்ந்து சிவந்திருந்தது.

"வேர்க்கிற நரம்பும் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு" என்றார் பூங்கோதை. "ஆனா பேச்சுக்கு ஒரு கொறையும் இல்ல."

"வா தம்பி! டயரு பஞ்சர் ஆன மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க?" என்றது குரல்.

ஜெயசீலன் சிரித்துக்கொண்டே தரையில் அமர்ந்து பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினார்.

"ஒரு அதிசயம் தம்பி. காலையில எழுந்தா வாயே தொறக்க மாட்டாரு. வெறும் புள்ளியா ஓடும். கூப்பிட்டாலும் பதில் வராது, ஏதோ கோவம் மாதிரி. வெயில் ஏற ஏறத்தான் பேச்சு வரும். மத்தியானம் பாருங்க, நிறுத்த முடியாது. இவருக்குச் சூடுதான் ஒத்துக்குது போல."

ஜெயசீலனின் கையிலிருந்த திருப்புளி நின்றது.

அவர் அதைக் கீழே வைத்தார். திரையில் கார்டுகளின் வெப்ப அளவைத் திறந்து பார்த்தார். கீழே இருந்த மூன்றும் ஒரே அளவில் இருந்தன. மேலே இருந்த நான்காவது மட்டும் எல்லை வரை ஏறி, தன் வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு தள்ளாடியது. கணினியை அணைத்துவிட்டு அந்தத் தகட்டைக் கழற்றித் திருப்பினார்.

தகட்டுக்கு இரண்டு தாள்கள் உண்டு. கீறல் விழாமலிருக்க மேல்முகத்தில் ஒன்று; சிப்பின் மீது அமர்கின்ற அடிமுகத்தில் இன்னொன்று. உரித்தே ஆகவேண்டியது அடியில் இருப்பது. மற்ற மூன்றிலும் அதை உரித்திருந்தார்கள். திருவேங்கடத்தின் விரல்களில் கொடிபோல் தொங்கியது மேல்முகத்துத் தாள். அடிமுகத்துத் தாள் அப்படியே இருந்தது; நடுவில் வெந்து, தோசைக் கருகல்போல் பழுப்பேறியிருந்தது.

பூங்கோதை சமையலறையில் மோர் கலக்கிக்கொண்டிருந்தார். தாளை உரித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, திருகாணியை முடுக்கி, 'ஃபேன்ல தூசி இருந்தது' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று ஜெயசீலனுக்குத் தோன்றியது. பாதியை அப்படியே செய்தும் விட்டார். தாள் பைக்குள் போயிற்று. கணினி மீண்டும் ஓடத் தொடங்கியது. நான்கு கார்டுகளும் ஒரே சீராக, அமைதியாக இருந்தன.

திரையில் நெடுநேரம் புள்ளிகள் மட்டுமே ஓடின. பூங்கோதை மோர் டம்ளரோடு வந்து நின்றார்.

"என்ன ஆச்சு? ஏன் பேசல?"

அப்போது எழுத்து வந்தது. ஒவ்வோர் எழுத்தும் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வைப்பதுபோல் வந்தது.

"கோதே."

பிறகு இன்னும் தாமதமாக, அதே கரகரத்த குரலில்: "கோதே. எரியுது."

டம்ளர் கீழே விழவில்லை. பூங்கோதை அதை மிகுந்த கவனத்தோடு மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பேர யாரு இதுக்குள்ள ஏத்தினது?"

"எந்தப் பேருக்கா?"

"நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறப்ப மட்டும் கூப்பிடுவாரு. எம் பொண்ணுக்குக்கூடத் தெரியாது. போன்ல எழுதினதில்ல, வாய்ஸ்ல பேசினதில்ல. இது எங்கேருந்து வந்துச்சு?"

"எரியுது" என்றது குரல். "எரியுது. எரியுது."

ஜெயசீலன் எழுந்து நின்று, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். நடந்ததைச் சொன்னார். எங்கே பிழை செய்தார் என்பதை, தன்னைக் காத்துக்கொள்ளாமல், முதலிலிருந்து சொன்னார். பூங்கோதை, மாணவன் ஒருவன் கரும்பலகையில் போட்ட கணக்கைப் படிப்படியாகப் பார்ப்பதுபோல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப காலையில பேசாம இருந்தது..."

"அப்பல்லாம் கார்டு தாக்குப்பிடிச்சிருக்கும்க்கா. மெஷின் உண்மையத்தான் காட்டியிருக்கு. விடிகாலையிலதான் கொஞ்சம் குளுந்திருக்கும். அவரு தூங்கியிருப்பாரு."

"மத்தியானம் பேசினது?"

"ஊகம்."

"ஏ.சி. வேணாம்னது?"

ஜெயசீலன் ஏ.சி.யின் மேல் கிடந்த பழைய போர்வையைப் பார்த்தார். பூங்கோதை நேராகப் போய்க் கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். குரல் 'எரி' என்ற இடத்தில் அறுந்தது. போர்வையை உருவி எறிந்துவிட்டு ஏ.சி.யைப் போட்டார். கட்டிலருகே மண்டியிட்டுக் கணவரின் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இப்ப எரியலதானே? சொல்லுங்க. இப்ப எரியலதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்வதற்கு இருந்த ஒரே வழியைத் தானே பிடுங்கிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஜெயசீலன் கடைக்குப் போய், கண்ணாடிக் கதவிலிருந்த தாள்களையெல்லாம் கிழித்து எடுத்தார். அதற்குப் பின் எந்தக் குடும்பத்துக்கும் சாம்பல் நிறத்தை அவர் அணைத்துத் தரவில்லை. சிலர் வேறு கடைக்குப் போனார்கள்.

கத்திரி முடிந்து சில நாட்கள் கழித்துப் பூங்கோதை மறுபடியும் அழைத்தார். விடிந்தும் விடியாமலும் வரச் சொன்னார். அறை குளிர்ந்திருந்தது. ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கணினியைப் போட்டிருந்தார். திருவேங்கடத்தின் கண்கள் திறந்திருந்தன. திரையில் புள்ளிகள் ஓடின.

"தெனமும் இந்த நேரத்துக்குப் போட்டுப் பாக்குறேன் தம்பி. ராத்திரி பூரா ஏ.சி. ஓடுது, நல்லாத் தூங்கிட்டுத்தான் எழுந்துக்கிறாரு. எரியவும் இல்ல. ஆனா ஒரு வார்த்த வரல."

ஜெயசீலன் எல்லாவற்றையும் சோதித்தார். பட்டை சரியாக இருந்தது. நான்கு கார்டுகளும் குளிர்ந்திருந்தன. ஏதாவது ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட மாட்டோமா என்று குழாய்களைக்கூடத் தடவிப் பார்த்தார்.

"மெஷின்ல தப்பு ஒண்ணும் இல்லக்கா" என்றார் கடைசியில்.

"எனக்கும் தெரியும். நீங்க சொல்லிக் கேக்கணும்னுதான் கூப்பிட்டேன்." பூங்கோதை கணவரின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "தெனமும் மன்னிப்புக் கேக்குறேன். காது கேக்கும்ல அவருக்கு?"

"கேக்கும்."

"அப்ப பேசப் பிடிக்கல. இல்லன்னா, பேச ஒண்ணும் மிச்சமில்ல. ரெண்டுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சாயங்காலம் நிறைமதி கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள் என்று சொன்னார். பழுது என்று மட்டும்தான் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் பஞ்சர் ஜோக்கைக் கேட்க ஆசையாக இருக்கிறது என்று அவள் அங்கிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

"அந்தக் கருகின தாள் இருக்கா தம்பி?"

"எதுக்குக்கா?"

"மறுபடியும் அதை அதே எடத்துல ஒட்டித் தர முடியுமா?"

ஜெயசீலன் தலை குனிந்து நின்றார். முடியாது என்று சொல்வது எளிது, அதுவே நேர்மையும்கூட. ஆனால் அதைவிட எளிய வழி ஒன்று இருப்பது அந்த அறையில் அவருக்கு மட்டுமே தெரியும். நான்கு கார்டு வேண்டும் என்று இதே வாயால் கேட்ட பெண்மணி அவர் முன் காத்துக்கொண்டிருந்தார்.

"தாள் வேணாம்" என்றார் மெதுவாக. தரையில் அமர்ந்து, மேலே இருந்த இரண்டு கார்டுகளின் மின்கம்பியைப் பிடுங்கினார். "ரெண்டே ரெண்டு ஓடட்டும். அதுக்குப் படிக்க நேரம் பத்தாது. ரெண்டு மட்டும்னா ஏ.சி.யும் கூடவே ஓடும். சாம்பல் கலர வைக்கவா, எடுத்துடவா?"

பூங்கோதை ஒருமுறை கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எடுத்துடுங்க."

கணினி ஓடத் தொடங்கியது. ஏ.சி.யும் ஓடியது. மீட்டர் ஒன்றும் செய்யவில்லை. புள்ளிகள் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொற்களாயின.

"டீச்சர்! என்ன, காலங்காத்தால கூட்டமா இருக்கு? உள்ள போங்க, படியில நிக்காதீங்க!"

பூங்கோதையின் தோள்கள் குலுங்கின. சிரிப்பா, வேறா என்று ஜெயசீலன் பார்க்க விரும்பவில்லை.

"ஏ.சி. எதுக்கு டீச்சர்? ஃபேன் போதும்."

"நீங்க சும்மா இருங்க" என்று பூங்கோதை திரையைப் பார்த்து அதட்டினார். பிறகு ரிமோட்டை எடுத்து இன்னும் இரண்டு டிகிரி குறைத்து வைத்துவிட்டு, கட்டிலுக்குப் போய்க் கணவரின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார், ஏதோ நினைத்துக்கொண்டு மார்பு வரை இறக்கினார், மறுபடியும் ஏற்றினார்.

குரல் பேசிக்கொண்டே இருந்தது. கட்டிலில் கிடந்தவருக்குக் குளிர்கிறதா என்பதை மட்டும் அது சொல்லவில்லை.